முதலில் வந்தவரா, அபாயத்தில் உள்ளவரா?

வரிசையில் நிற்பது நியாயத்தின் அடையாளம். நியாய விலைக் கடையாயினும் கூட்டுறவுச் சங்கமாயினும், முதலில் வந்தவர் முதலில் பெற்றுச் செல்ல வேண்டும் என்பதை நம் கிராமத்தார் யாவரும் ஒப்புக்கொள்வர். செல்வாக்குள்ளவர் இடையில் புகுந்தால் "இது முறையா?" என்று கேட்கும் துணிவும் இன்று மக்களிடம் வளர்ந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், இந்த நியாயம் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு.

ஜவ்வாது மலையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து கை முறிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு, பாதி வழி நடந்தும் மீதி வழி வண்டியிலும் வந்து, திருவண்ணாமலையிலோ வேலூரிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரியை அடைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நமக்குப் பின்னால் வந்த ஒருவரை டாக்டர்கள் நேரே உள்ளே எடுத்துச் செல்கின்றனர். நம்மைக் காத்திருக்கச் சொல்கின்றனர். "மலைக்காரர் என்றுதானே நம்மை ஒதுக்குகிறார்கள்?" என்ற எண்ணம் எழுவது இயல்பு. உண்மையில் அங்கே நடப்பது வேறு. எவருடைய உயிர் முதலில் போகக்கூடுமோ அவரை முதலில் கவனிப்பது என்ற விதியின்படி வந்தவர்கள் வகை பிரிக்கப்படுகின்றனர். டாக்டர்கள் இதனை 'டிரையேஜ்' என்பர். நாம் இதனை அவசர வகைப்பாடு என்று அழைக்கலாம்.

இந்த முறை விவசாயிகளுக்குப் புதியதன்று. ஏரியில் நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். ஆயினும் ஒரு வயல் கருகும் நிலையில் இருந்தால், ஊரார் கூடிப் பேசி அதற்கு ஒரு மடை நீர் முந்தி விடுவதுண்டு. பிற வயல்கள் ஒரு நாள் பொறுக்கும். கருகும் பயிர் பொறுக்காது. ஆஸ்பத்திரியிலும் இதே நியாயம்தான். டாக்டர்களின் எண்ணிக்கையும் படுக்கைகளின் எண்ணிக்கையும் அளவுக்கு உட்பட்டவை. பொறுக்க முடிந்தவர் பொறுத்தால்தான் பொறுக்க முடியாதவர் பிழைப்பார்.

போர்க்களத்தில் பிறந்த முறை

டிரையேஜ் என்பது பிரெஞ்சு மொழிச் சொல். தரம் பிரித்தல் என்பது அதன் பொருள். நெப்போலியனின் படையில் தலைமை வைத்தியராக விளங்கிய டொமினிக் ழான் லாரே என்பவர், காயமுற்றவர்களை அவர்களுடைய பதவியைப் பாராமல், காயத்தின் கடுமையை மட்டும் பார்த்து முறைப்படுத்தினார். தளபதிக்குச் சிறு காயமும் சாதாரணச் சிப்பாய்க்குப் பெருங்காயமும் நேர்ந்திருந்தால் சிப்பாய்க்கே முதல் சிகிச்சை. அரசரும் பிரபுக்களும் ஆதிக்கம் செலுத்திய காலத்தில் இது பெரிய புரட்சியே ஆகும். பின்னர் முதல் உலகப் போரில் இம்முறை விரிவடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நகர ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில் கூட்டம் பெருகியபோது, போர்க்களத்தின் பாடம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது.

ஐந்து படிகள், ஐந்து வர்ணங்கள்

இன்று பல நாடுகள் நோயாளிகளை ஐந்து படிகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு நாடும் அதனை எவ்வாறு செய்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

ஆஸ்திரேலியாவில் 1990களில் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வகுக்கப்பட்டது. முதற்படியில் உள்ளவருக்கு உடனடியாகவும், இரண்டாம் படியினருக்கு 10 நிமிஷங்களுக்குள்ளும், பின்னர் முறையே 30, 60, 120 நிமிஷங்களுக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கனடா நாடு 1999இல் வெளியிட்ட அளவுகோலும் இதனை ஒட்டியதே. இரண்டாம் படிக்கு அங்கே 15 நிமிஷங்கள்; அடுத்தவற்றுக்கு 30, 60, 120 நிமிஷங்கள்.

இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த டாக்டர்களும் நர்ஸுகளும் 1994இல் ஒன்றுகூடி ஒரு முறையை வகுத்தனர். சிவப்பு என்றால் உடனடி, ஆரஞ்சு 10 நிமிஷங்கள், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 நிமிஷங்கள். நோயாளி கூறும் முறையீடு எதுவோ அதற்குரிய அட்டவணையை நர்ஸ் எடுத்துக்கொள்கிறார். வயிற்று வலி, தலைக் காயம், மூச்சுத் திணறல் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட அட்டவணைகள் உண்டு. நோயின் பெயர் இன்னதென்று அங்கே கண்டுபிடிக்க முயல்வதில்லை; அபாயம் எவ்வளவு என்பதை மட்டுமே பார்க்கின்றனர். போர்ச்சுகல், ஜெர்மனி, பிரேசில் முதலிய நாடுகளிலும் இம்முறை பரவியுள்ளது.

அமெரிக்காவில் 1990களின் இறுதியில் எழுந்த முறை சற்று வேறுபட்டது. உயிர் போகும் நிலையில் இருப்பவர் முதற்படி. காத்திருக்க வைக்கக்கூடாதவர் இரண்டாம் படி. மற்றவர்கள் விஷயத்தில், இவருக்கு எத்தனை விதமான பரிசோதனைகளும் சிகிச்சைகளும் தேவைப்படும் என்று நர்ஸ் கணிக்கிறார். பலவும் தேவை என்றால் மூன்றாம் படி. ஒன்றே போதும் என்றால் நான்காம் படி. ஒன்றும் வேண்டாம் என்றால் ஐந்தாம் படி. ஆஸ்பத்திரியில் எல்லா வசதிகளும் நிறைந்திருக்கும் நாட்டுக்கு இது பொருந்தும்.

தென்னாப்பிரிக்காவின் முறை நம் கவனத்திற்கு மிகவும் உரியது. டாக்டர்களும் தேர்ந்த நர்ஸுகளும் குறைவாக உள்ள நாட்டில், சிறிதளவே பயிற்சி பெற்ற ஊழியரும் பிழையின்றிச் செய்யக்கூடிய முறை வேண்டும் என்ற நோக்கத்துடன், கேப் டவுன் பகுதியில் 2004இல் ஒரு குழு கூடியது. 2006இல் அம்முறை நடைமுறைக்கு வந்தது. மூச்சின் வேகம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உடற்சூடு, உணர்வு, காயம் உண்டா இல்லையா என்பன போன்றவற்றுக்கு மதிப்பெண் இடுகின்றனர். நோயாளி எவ்வாறு வந்தார் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. தானே நடந்து வந்தால் சூனியம். பிறர் தாங்க வந்தால் ஒன்று. தூக்கி வரப்பட்டால் இரண்டு. கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு. எண்களைக் கூட்டத் தெரிந்தவர் எவரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்று பிரிவுகளே போதும்

ஐந்து படிகள் எல்லா நாடுகளுக்கும் இயலாது. குழந்தைகளுக்கென உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறையில் மூன்று பிரிவுகளே உள்ளன: உடனே சிகிச்சை பெற வேண்டியவர், முன்னுரிமை பெற வேண்டியவர், வரிசையில் காத்திருக்கக் கூடியவர். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டயர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகளை வாசலிலேயே இவ்வாறு வகைப்படுத்தி, அவசர சிகிச்சையையும் சீர்செய்தனர். அனுமதிக்கப்பட்ட குழந்தைகளில் முன்பு நூற்றுக்கு 10 முதல் 18 வரை இறந்த நிலை மாறி, 6 முதல் 8 வரையாகக் குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு கூறுகிறது. செல்வம் மிகுந்த நாடன்று மலாவி. யாரை முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கே பல உயிர்களைக் காத்தது.

2020இல் உலக சுகாதார ஸ்தாபனமும், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவும், எல்லையற்ற டாக்டர்கள் சங்கமும் சேர்ந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மூன்று வர்ண முறையைப் பெரியவர், குழந்தை இருவருக்கும் ஏற்ப வெளியிட்டன. நம் மாநிலத்தில், விபத்து மற்றும் அவசர சிகிச்சையைச் சீரமைக்கும் அரசுத் திட்டத்தின்கீழ், பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகள் இதே மூன்று வர்ணங்களில் இயங்குகின்றன. சிவப்புப் பகுதிக்குச் செல்பவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர். மஞ்சள் பகுதிக்குச் செல்பவர் சற்றே பொறுக்கலாம். பச்சைப் பகுதிக்குரியவர் நடமாடக் கூடியவர்.

ஆக, படிகளின் எண்ணிக்கையும் நிமிஷக் கணக்கும் நாட்டுக்கு நாடு வேறுபடினும், நான்கு விஷயங்களில் எல்லா நாடுகளும் ஒன்றுபடுகின்றன. வந்த நேரம் முக்கியமன்று; அபாயமே முக்கியம். பதவியும் பணமும் சாதியும் கணக்கில் சேரா. அலறுபவரைக் காட்டிலும் அடங்கிக் கிடப்பவரைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். ஒருமுறை வகைப்படுத்தியதோடு வேலை முடிந்துவிடாது. காத்திருக்கும்போது நிலைமை மாறினால் வர்ணமும் மாற வேண்டும்.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது?

இந்த முறைகள் அனைத்திலும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. பத்து நிமிஷம், ஒரு மணி என்று அவை எண்ணும் கணக்கு, நோயாளி ஆஸ்பத்திரி வாசலை மிதித்த கணத்திலிருந்து தொடங்குகிறது. நகரத்தில் வாழ்பவருக்கு அது சரியே. மலையில் வாழ்பவருக்கோ, பாம்பு கடித்த கணத்திலிருந்து, மரத்திலிருந்து விழுந்த கணத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. ஜமுனாமரத்தூரைச் சார்ந்த ஊர்களின் மக்கள் போளூர் வழியாகவோ செங்கம் வழியாகவோ இறங்குகின்றனர். புதூர்நாட்டு மக்கள் திருப்பத்தூருக்கும், அல்லேரிப் பக்கத்தார் வேலூருக்கும் இறங்க வேண்டும். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் சிலவற்றிலிருந்து வண்டி வரும் சாலையை அடைவதற்கே டோலி கட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. 2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை ஒன்று ஆஸ்பத்திரி சேருமுன் உயிர் நீத்ததும், சாலையின்மையால் அதன் உடலைப் பெற்றோர் சுமந்து நடக்க நேர்ந்ததும் நாடறிந்த துயரம்.

சாலை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனைக் கேட்டுப் பெறுவது பஞ்சாயத்துகளின் கடமை. ஆனால் சாலை வரும்வரை கைகட்டி நிற்க முடியாது. சாலை வந்த பின்னரும், எவரை உடனே இறக்க வேண்டும் என்று அறியாத ஊரில் சாலை இருந்தும் பயன் குறைவே. ஆகவே வகைப்படுத்தும் வேலை ஆஸ்பத்திரி வாசலில் அன்று, ஊர்ச் சாவடியிலேயே தொடங்க வேண்டும். இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

ஊரார் அறிய வேண்டிய அடையாளங்கள்

சிவப்பு: இவர்களை ஒரு கணமும் தாமதியாமல் இறக்க வேண்டும். நினைவு தப்பியவர், வலிப்பு கண்டவர், மூச்சுத் திணறுபவர், இரத்தம் நில்லாமல் பெருகுபவர், மார்பு வலியுடன் குளிர வியர்ப்பவர், திடீரென வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்தவர், பூச்சி மருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர், கர்ப்ப காலத்தில் இரத்தப் போக்கோ வலிப்போ கண்ட பெண், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கும் சிசு.

மஞ்சள்: அன்றே ஆஸ்பத்திரி சேர வேண்டியவர். எலும்பு முறிந்தும் நினைவு தெளிவாக உள்ளவர்; கடுங்காய்ச்சல் கண்டும் பேசுபவர்; வாந்தி பேதி கண்டும் நீர் அருந்த இயலுபவர். இவர்களில் எவரேனும் மயங்கத் தொடங்கினால் அக்கணமே சிவப்பு எனக் கொள்ள வேண்டும்.

பச்சை: சிறு வெட்டு, சளி, நாட்பட்ட மூட்டு வலி போன்றவை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார நர்ஸ் வரும் நாளிலோ காட்டிக்கொள்ளலாம்.

பாம்புக் கடியைப் பற்றித் தனியே கூற வேண்டும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமும் தோன்றும். கட்டுவிரியனோ இரவில் தரையில் உறங்குபவரைக் கடிக்கும், வலி இராது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்பார். சிறிது நேரத்தில் கண்ணிமைகள் சரியும். பின்னர் மூச்சு அடங்கும். இத்தகையவரைச் சாதாரண வயிற்று வலி என்று ஊராரும் பச்சையில் சேர்த்துவிடலாம். விவரம் கூறாவிட்டால் ஆஸ்பத்திரியிலும் பின்தள்ளப்படலாம். ஆகவே, "இரவு தரையில் படுத்திருந்தார், காலையில் இமை சரிந்தது" என்ற இரண்டு வாக்கியங்களைத் தவறாமல் கூற வேண்டும்.

கடித்த இடத்துக்கு மேல் இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை கூடா. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்கலாகாது. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் ஒரே மருந்து நம் நாட்டில் தயாராகிறது. அதனைச் செலுத்துவதில் ஏற்படும் ஒவ்வொரு மணித் தாமதமும் அபாயத்தைப் பெருக்கும்.

புளி உலுக்கவும் பலாப் பறிக்கவும் தேன் எடுக்கவும் ஏறி விழுந்தவர்களின் முதுகை வளைக்காமல், பலகையிலோ கட்டிலிலோ கிடத்தித் தூக்க வேண்டும். பூச்சி மருந்து அருந்தியவருடன் அந்தப் புட்டியையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

பலர் ஒருங்கே காயமுற்றால்

2022 ஏப்ரலில் புதூர்நாட்டுப் பகுதியில் சேம்பரை மலைக்கோவிலுக்குச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில் ஓடிச் சென்று உதவுபவர்கள் அக்கம்பக்கத்து ஊராரே. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஓர் ஆஸ்பத்திரியும் தீயணைப்புப் படையும் சேர்ந்து 1983இல் வகுத்த எளிய முறை இங்கே கைகொடுக்கும். முதலில், நடக்க முடிந்தவர்களை ஒரு பக்கமாக வரச் சொல்ல வேண்டும். அவர்கள் பச்சை. எஞ்சியவர்களிடம் மூச்சையும் நாடியையும் உணர்வையும் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்குபவரும், மணிக்கட்டில் நாடி தட்டாதவரும், "கையைப் பிடி" என்றால் பிடிக்காதவரும் சிவப்பு. அவர்களையே முதல் வண்டியில் ஏற்ற வேண்டும். அலறுபவரை முதலில் தூக்குவது மனித இயல்பு. ஆனால் அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது என்பது திண்ணம். ஓசையின்றிக் கிடப்பவரைத் தேடிச் செல்வதே அறிவுடைமை.

பஞ்சாயத்துகள் செய்யக் கூடியவை

முதலாவது, கைபேசி அலை எட்டும் இடங்களைக் கண்டறிந்து ஊரார் அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும். 2008 முதல் தமிழகத்தில் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸை அழைப்பதற்கு அலை வேண்டும். எந்த இடம் வரை வண்டி வரும், அங்கே எவ்வளவு நேரத்தில் டோலி சேரும் என்பதையும் முன்னரே கணக்கிட்டு வைக்க வேண்டும்.

இரண்டாவது, டோலிக்கான கம்பும் கயிறும் கட்டிலும் ஓரிடத்தில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். தூக்குவோர் எண்மரின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, பிரசவம் நெருங்கும் பெண்களைப் பற்றிக் கிராம சுகாதார நர்ஸுடன் மாதந்தோறும் பேச வேண்டும். மலைப்பகுதிகளின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில், பிரசவத்திற்கு முன்னரே வந்து தங்குவதற்கு அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. அபாயம் வருமுன்னரே இறக்குவது எல்லா வகைப்பாட்டிலும் சிறந்த வகைப்பாடு.

நான்காவது, மேற்கூறிய சிவப்பு அடையாளங்களைப் பள்ளிச் சுவரிலும் அங்கன்வாடிச் சுவரிலும் எழுதி வைக்கலாம். கிராம சபையில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் டாக்டரையோ நர்ஸையோ அழைத்து விளக்கச் செய்யலாம்.

ஐந்தாவது, நோயாளியுடன் செல்பவர் விவரம் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, வழியில் என்ன மாறுதல் கண்டது, ஊரில் என்ன மருந்து கொடுத்தோம் என்ற நான்கையும் அவர் கூற வேண்டும். காத்திருக்கச் சொன்னால் பொறுமை காக்க வேண்டும். ஆனால் நிலைமை மோசமானால் தயங்காமல் எழுந்து சென்று, "மறுபடி பாருங்கள்" என்று கேட்க வேண்டும். அது வரிசையைக் குலைப்பதாகாது; வகைப்பாட்டின் விதியே அதனை அனுமதிக்கிறது. மலைமக்கள் கூச்சத்தால் வாய் திறவாது இருந்துவிடுவதுண்டு. அந்தக் கூச்சத்தைப் போக்குவதும் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் பணியே.

ஆஸ்பத்திரியில் நமக்கு முன் ஒருவரை அழைத்துச் சென்றால், அவர் நம்மினும் அபாயத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். இன்று அவருக்கு நாம் விட்டுக்கொடுக்கும் இடம், நாளை நம் வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும் இடமாகும். மாஞ்செஸ்டரிலும் கேப் டவுனிலும் வாசலில் ஒரு நர்ஸ் நின்று இந்த வேலையைச் செய்கிறார். ஜவ்வாது மலையின் குக்கிராமத்தில் அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் ஊர்ப் பெரியவர்களும், பஞ்சாயத்து அங்கத்தினர்களும், படித்த இளைஞர்களுமே. சிவப்பு எது, பச்சை எது என்று அவர்கள் அறிந்துகொண்டால், ஆஸ்பத்திரியின் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்னரே பல உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும்.